இரட்டை வரைகலை அட்டை மடிக்கணினியில் உபுண்டு 24.04: என்விடியா அட்டை வேலையும் செய்யவில்லை, உறங்கவும் இல்லை

நெய்தல்நிலம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இன்டெல் ஐ5-9300எச் செயலியும், அதற்குள்ளேயே அமைந்த யுஎச்டி 630 வரைகலையும், தனியாக 4 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 அட்டையும் உள்ள மடிக்கணினி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். ஒரு பகிர்வில் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு பகிர்வில் உபுண்டு 24.04 நிறுவியுள்ளேன். வீட்டு உட்புற வடிவமைப்புப் படங்களை பிளெண்டரில் உருவாக்கித் தருவது என் தொழில். தனி அட்டை கைகொடுக்காவிட்டால் ஒரே ஒரு படம் முடியவே பொழுது சாய்ந்துவிடுகிறது.

இணையத்தில் கிடைத்த ஒரு வழிகாட்டியைப் பின்பற்றி, என்விடியாவின் 535 வரிசை இயக்கியை (டிரைவர்), கணினியிலேயே தொகுத்துக்கொள்ளும் டிகேஎம்எஸ் பொதியாக முனையத்தின் வழியே நிறுவினேன். நிறுவல் பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் முடிந்தது. எந்த அட்டையைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் கருவியிடம் ‘பிரைம்-செலக்ட் கொயரி’ என்று கேட்டால் ‘ஆன்-டிமாண்ட்’ (தேவைப்படும்போது மட்டும் தனி அட்டை) என்று பதில் வருகிறது. ஆனால் அட்டையின் நிலையைக் காட்டும் ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கட்டளையோ, இயக்கியோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. பிளெண்டரின் விருப்பத்தேர்வுகளில் குடா (என்விடியா அட்டையில் கணிப்பு நடத்தும் வசதி) பகுதியைத் திறந்தால் எந்த அட்டையும் தென்படவில்லை. எச்டிஎம்ஐ துளையில் வெளித்திரையைச் செருகினால், சிக்னல் இல்லை என்று காட்டிவிட்டு அது அணைந்துவிடுகிறது.

சரி, அட்டை முழுவதுமாக அணைந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாமா என்றால், அதற்கும் வழியில்லை. எந்த நிரலையும் திறக்காமல் வைத்திருந்தாலும் விசைப்பலகையின் மேற்பகுதி சுடுகிறது. விண்டோஸில் பேட்டரி தாங்கும் நேரத்தில் பாதிகூட இங்கே தாங்குவதில்லை.

தேடிப் பார்த்தால், ஓரிடத்தில் பம்பிள்பீ என்ற இரட்டை அட்டைக் கருவியை நிறுவச் சொல்கிறார்கள். இன்னோரிடத்தில் திரைக்காட்சியை நிர்வகிக்கும் எக்ஸ்ஆர்க் மென்பொருளின் அமைவுக் கோப்பைக் கையால் எழுதச் சொல்கிறார்கள். வேறோரிடத்தில் பயோஸுக்குள் சென்று, கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்தில் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். இவற்றில் எது என் கணினிக்குப் பொருந்தும், எந்த வரிசையில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


முனையம் எழுதியது:

வணக்கம் நண்பரே. நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் மூலம் ஒன்றே என்று நினைக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன், உங்கள் கணினிக்குள் இணைப்புகள் எப்படி இருக்கின்றன என்பதைச் சற்று விளக்கிவிடுகிறேன். ஏனெனில் பெரும்பாலான தவறான வழிகாட்டிகள் அந்த இடத்திலேயே பிசகுகின்றன.

முன்பு வந்த சில மடிக்கணினிகளில், திரையை இந்த அட்டையிலிருந்து அந்த அட்டைக்கு மாற்றித் தரும் வன்பொருள் சுவிட்சு ஒன்று இருந்தது. 2010 பிப்ரவரியில் என்விடியா அறிமுகப்படுத்திய ஆப்டிமஸ் அமைப்பில் அந்தச் சுவிட்சுக்கு வேலையில்லை. உங்களுடையதைப் போன்ற கணினிகளில் மடித்திரை இன்டெல் வரைகலையோடு மட்டுமே இணைந்திருக்கும். என்விடியா அட்டை ஒரு காட்சியை வரைந்து முடித்ததும், அந்தச் சட்டகம் (ஃபிரேம்) பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாக இன்டெல்லின் நினைவகத்துக்கு நகலெடுக்கப்பட்டு, அங்கிருந்துதான் திரைக்குப் போகிறது. பந்தியில் சமைப்பவர் ஒருவர், பரிமாறுபவர் இன்னொருவர் என்பதைப் போன்ற ஏற்பாடு இது. ஆகவே ‘ஆன்-டிமாண்ட்’ நிலையில் மேசைத்தளம் இன்டெல்லில் ஓடுவது குறையல்ல. அது அப்படித்தான் ஓட வேண்டும். எந்த நிரலை என்விடியாவுக்கு அனுப்புவது, வேலை முடிந்ததும் அந்த அட்டையை எப்படி உறங்க வைப்பது என்பவையே நம் கவனத்துக்கு உரியவை.

ஆனால் உங்கள் கணினியில் அந்த நிலைக்கே இன்னும் வரவில்லை. ‘எல்எஸ்-பிசிஐ’ கட்டளையை ‘கே’ விருப்பத்தோடு இயக்கி, என்விடியா வரிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பொருந்தக்கூடிய மாட்யூல்களின் (இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஏற்றப்படும் இயக்கித் துண்டுகள்) பெயர்கள் மட்டும் இருந்து, ‘பயன்பாட்டில் உள்ள இயக்கி’ என்ற வரி இல்லாமல் இருந்தால், அட்டையை எந்த இயக்கியும் கையில் எடுக்கவில்லை என்று பொருள். என்விடியா பொதியை நிறுவும்போது நூவோ என்ற திறந்த மூல இயக்கி தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டுவிடும். பிறகு என்விடியாவின் மாட்யூலும் ஏற்றப்படாமல் போனால், அட்டைக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், ஆனால் அதை உறங்கச் சொல்லவும் வேலை வாங்கவும் ஆள் இருக்காது. சூடும் பேட்டரி இழப்பும் அதனால்தான். வெளித்திரை இருண்டு கிடப்பதற்கும் காரணம் அதுவே. இவ்வகைக் கணினிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ துளை நேரடியாக என்விடியா அட்டையோடு இணைக்கப்பட்டிருக்கும்.

மாட்யூல் ஏன் ஏறவில்லை என்பதற்குப் பெரும்பாலும் செக்யூர் பூட் காரணமாக இருக்கும். ‘மோக்-யூட்டில்’ கட்டளையை ‘எஸ்பி-ஸ்டேட்’ விருப்பத்தோடு இயக்கினால் அது செயலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்ததாக ‘சுடோ மோட்புரோப் என்விடியா’ என்று இயக்கிப் பாருங்கள். சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் பதில் வந்தால் ஐயமே இல்லை. செக்யூர் பூட் செயலில் இருக்கும்போது, தான் நம்பும் சாவியால் கையொப்பமிடப்படாத எந்த மாட்யூலையும் உபுண்டுவின் கெர்னல் ஏற்காது. டிகேஎம்எஸ் முறையில் உங்கள் கணினியிலேயே தொகுக்கப்படும் மாட்யூலுக்கு, உங்கள் கணினியிலேயே உருவான சாவியால்தான் கையொப்பம் இடப்படுகிறது. அந்தச் சாவியை ஃபர்ம்வேரிடம் நீங்கள் பதிவு செய்தாக வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. எளிய வழி, டிகேஎம்எஸ் பொதியை நீக்கிவிட்டு, ‘சுடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்’ என்று கொடுப்பது. உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம் முன்கூட்டியே தொகுத்துத் தன் சாவியால் கையொப்பமிட்டு வைத்திருக்கும் மாட்யூல், உபுண்டுவின் வழக்கமான கெர்னலுக்குக் கிடைக்கும்; நீங்கள் எதையும் பதிவு செய்யத் தேவையில்லை. வேறு கெர்னலைப் பயன்படுத்துவதால் டிகேஎம்எஸ் கட்டாயம் வேண்டும் என்றால், ‘மோக்-யூட்டில் இம்போர்ட்’ கட்டளையால் ‘வார்-லிப்’ அடைவுக்குள் ‘ஷிம்-சைன்டு’ கோப்புறையில் இருக்கும் மோக் (கணினி உரிமையாளரின் சொந்தச் சாவி) சாவிக் கோப்பைச் சேர்க்கக் கொடுத்து, ஒரு கடவுச்சொல் வைத்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். உபுண்டு எழுவதற்கு முன் ஒரு நீலத்திரை வரும். அதில் ஏதேனும் ஒரு விசையை அழுத்துவதற்கு 10 விநாடிகள்தாம் அவகாசம். விட்டுவிட்டால் அது தன்போக்கில் உபுண்டுவைத் தொடங்கிவிடும். உங்கள் பதிவுக் கோரிக்கையும் அத்தோடு அழிந்துபோகும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பட்டியலில் ‘கன்டினியூ பூட்’ முதலில் நிற்கும். அதைத் தொடாமல் ‘என்ரோல் மோக்’ என்பதற்கு இறங்கி, உறுதிசெய்து, அதே கடவுச்சொல்லைத் தாருங்கள். அந்த நேரத்தில் அமெரிக்க ஆங்கில விசைப்பலகை அமைப்பு மட்டுமே இருக்கும். ஆகவே தமிழ்99 அமைப்பைப் பயன்படுத்துபவர்கள் கடவுச்சொல்லை வெறும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலும் எண்களிலும் வைத்துக்கொள்வது நல்லது.

செக்யூர் பூட்டை அணைத்தாலும் இயக்கி ஏறிவிடும் என்பது உண்மைதான். ஆயினும் உங்கள் விண்டோஸ் பகிர்வு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், செக்யூர் பூட்டின் நிலை மாறியதைக் கண்டு அது அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி கையில் இல்லாமல் அணைத்துவிட்டு அவதிப்பட்டவர்கள் உண்டு. நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.


பழையபெட்டி எழுதியது:

முனையம் அவர்கள் சொன்னதோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: பம்பிள்பீயைப் பற்றிப் பேசும் எந்த வழிகாட்டியையும் இப்போது கணினியில் முயல வேண்டாம்.

அது பயனற்ற திட்டம் என்பதற்காகச் சொல்லவில்லை. என்விடியா லினக்ஸில் ஆப்டிமஸுக்கு எந்த ஆதரவும் தராத 2011-இல், அந்தத் திட்டம்தான் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லாதபோது கைகொடுத்தது. கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது எக்ஸ் வழங்கியை என்விடியா அட்டையில் ஓடவிட்டு, அங்கே வரைந்த படத்தை விர்ச்சுவல்ஜிஎல் வழியாக இன்டெல் திரைக்குக் கொண்டுவருவது அதன் உத்தி. ‘ஆப்டிரன்’ என்ற சொல்லை முன்னால் போட்டு நிரல்களை இயக்கிய தலைமுறை நாங்கள். அதே ஆண்டில் அதன் நிறுவல் நிரலில் யுஎஸ்ஆர் என்ற அடைவின் பெயருக்குப் பின்னால் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட, ஒரு சிறு கோப்புறையை நீக்க வேண்டிய கட்டளை யுஎஸ்ஆர் அடைவு முழுவதையும் துடைத்தெடுத்த கதையை அறிந்தவர்கள் இன்றும் நினைத்துச் சிரிப்பார்கள். அன்று அதை நிறுவியவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். 2012 ஜூனில் ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டிய நிகழ்வும் இந்தப் பிரச்சினையிலிருந்து பிறந்ததுதான். ஆப்டிமஸ் மடிக்கணினி வைத்திருந்த பார்வையாளர் ஒருவரின் கேள்விக்கு அவர் அளித்த விடை அது.

2013-இல் வந்த 319 வரிசை இயக்கி, மேசைத்தளம் முழுவதையும் என்விடியாவில் ஓட்டி இன்டெல் வழியாகத் திரையில் காட்ட வகை செய்தது. ஒரு நிரலை மட்டும் தனி அட்டைக்கு அனுப்பும் வசதி 2019 ஆகஸ்டில் வெளியான 435 வரிசையில்தான் அதிகாரபூர்வமாக வந்தது. அன்றோடு பம்பிள்பீயின் வேலை முடிந்தது. இன்றைய உபுண்டுவில் அதை நிறுவினால், அட்டையின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த வரும் அதன் பிபிசுவிட்ச் மாட்யூலும் கெர்னலின் சொந்த மின்மேலாண்மையும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

கையால் எழுதும் எக்ஸ்ஆர்க் கோப்புக்கும் இதுவே பதில். முன்பு யாரோ சொல்லி எழுதிய கோப்பு ஈடிசி அடைவில் எங்கேனும் கிடந்தால், அதை முதலில் அப்புறப்படுத்திவிட்டு மற்றவற்றைத் தொடங்குங்கள்.


நெய்தல்நிலம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. முனையம் அவர்கள் கணித்ததே சரி. செக்யூர் பூட் செயலில் இருந்தது. மோட்புரோப் கட்டளைக்கும் சாவி நிராகரிக்கப்பட்டதாகவே பதில் வந்தது. டிகேஎம்எஸ் பொதியை நீக்கிவிட்டுக் கையொப்பமிட்ட மாட்யூலை நிறுவியதும், மறுதொடக்கத்துக்குப் பின் என்விடியா-எஸ்எம்ஐ அட்டையின் பெயரையும் வெப்பநிலையையும் காட்டுகிறது. பிளெண்டரில் குடா பகுதியில் ஜிடிஎக்ஸ் 1650 வந்துவிட்டது. வெளித்திரையும் ஒளிர்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ஒன்று, பிளெண்டரில் இறுதிப் படத்தை உருவாக்கும் சைக்கிள்ஸ் தனி அட்டையில் ஓடினாலும், காட்சிச் சாளரத்தில் பொருள்களைச் சுழற்றும்போது முன்போலவே தயங்குகிறது. எந்த அட்டை வரைகிறது என்று காட்டும் ‘ஜிஎல்எக்ஸ்-இன்ஃபோ’ இன்னமும் இன்டெல்லின் பெயரையே சொல்கிறது. இரண்டாவது, சூடு முன்பைவிடக் குறைந்திருந்தாலும் பேட்டரி எதிர்பார்த்த அளவு நீடிக்கவில்லை. பிளெண்டரை மூடிவிட்டு என்விடியா-எஸ்எம்ஐ கொண்டு பார்த்தால், அட்டை எப்போதும் விழித்தே இருக்கிறது. அதில் எக்ஸ்ஆர்க் சில எம்பி நினைவகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.


தறிநூல் எழுதியது:

முதல் ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். நானும் பிளெண்டர் பயனர்தான்.

சைக்கிள்ஸ் கணிப்புக்குக் குடாவைப் பயன்படுத்துகிறது. குடா தனக்கு வேண்டிய அட்டையை இயக்கியிடம் நேரடியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். மேசைத்தளம் எந்த அட்டையில் ஓடுகிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. கேடென்லைவ் போன்ற காணொளித் தொகுப்பிகள் என்விடியாவின் குறியாக்கியைப் பயன்படுத்தும்போதும் இதே நிலைதான். ஆனால் பிளெண்டரின் சாளரம் வரையப்படுவது ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகம் வழியாக. அதற்கு நாம் தனியாகச் சொல்லாவிட்டால், இயல்பான அட்டையாகிய இன்டெல்லே வரையும். படம் உருவாக்கும்போது ஒரு வேகமும் சுழற்றும்போது வேறொரு வேகமும் இருப்பது இதனால்தான்.

க்னோம் மேசைத்தளத்தில் பிளெண்டரின் சின்னத்தின்மீது வலச்சொடுக்கினால், தனி வரைகலை அட்டையில் தொடங்குவதற்கான தேர்வு இருக்கும். ‘சுவிட்சரூ-கன்ட்ரோல்’ என்ற சேவை பின்னணியில் இருந்துகொண்டு, எந்தெந்த அட்டைகள் உள்ளன என்று க்னோமுக்குச் சொல்வதால் அந்தத் தேர்வு தோன்றுகிறது. தோன்றாவிட்டால் அந்தப் பொதி நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் வலச்சொடுக்குவது தொல்லை என்றால், பிளெண்டரின் டெஸ்க்டாப் கோப்பை உங்கள் இல்ல அடைவில் உள்ள அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்கு நகலெடுத்து, அதில் ‘பிரிஃபர்ஸ் நான்-டிஃபால்ட் ஜிபியு’ என்ற வரிக்கு ‘ட்ரூ’ என்று மதிப்புக் கொடுத்துவிடுங்கள் (சொற்களுக்கு இடையே இடைவெளியோ கோடோ இருக்கக் கூடாது). பிறகு சாதாரணமாகச் சொடுக்கினாலே அது என்விடியாவில் எழும்.

முனையத்தில் ‘பிரைம்-ரன்’ என்று முன்னால் சேர்த்து இயக்கினாலும் இதே பலன் கிடைக்கும். அது ஒரு சிறிய உறைநிரல் மட்டுமே. நிரலின் வரைகலைப் பணியைத் தனி அட்டைக்கு அனுப்பு என்று சொல்லும் ஒரு சூழல் மாறிக்கு 1 என்ற மதிப்பையும், ஜிஎல்எக்ஸ் நூலகமாக எதை எடுக்க வேண்டும் என்று சொல்லும் இன்னொரு மாறிக்கு ‘என்விடியா’ என்ற மதிப்பையும், வல்கன் என்ற இன்னொரு வரைகலை இடைமுகத்துக்கான மூன்றாவது மாறியையும் அமைத்துவிட்டு, நீங்கள் கேட்ட நிரலை அது தொடங்குகிறது. ‘பிரைம்-ரன் ஜிஎல்எக்ஸ்-இன்ஃபோ’ என்று இயக்கிப் பாருங்கள். பெயர் மாறியிருந்தால் எல்லாம் சரி.

பிளெண்டரை ஃபிளாட்பேக்காக (தனக்கு வேண்டிய நூலகங்களோடு வரும் பொதி) நிறுவியிருந்தால் இன்னோர் இடத்தையும் பார்க்க வேண்டும். ஃபிளாட்பேக் தனக்கென ஒரு தனி என்விடியா நூலகத் தொகுப்பை வைத்துக்கொள்கிறது. அதன் பதிப்பு எண் உங்கள் கணினியின் இயக்கிப் பதிப்போடு கடைசி இலக்கம்வரை ஒத்திருக்க வேண்டும். உபுண்டு இயக்கியைப் புதுப்பித்துவிட்டு, ஃபிளாட்பேக்கைப் புதுப்பிக்காமல் விட்டால், நேற்றுவரை ஓடிய நிரல் இன்று தனி அட்டையைக் காணவில்லை என்று சொல்லும். ‘ஃபிளாட்பேக் அப்டேட்’ கொடுத்தால் தீர்ந்துவிடும்.


ஆழித்தேர் எழுதியது:

பேட்டரி பற்றிய ஐயத்துக்கு வருகிறேன். முதலாவதாக, அட்டை உறங்குகிறதா என்று பார்ப்பதற்கு என்விடியா-எஸ்எம்ஐயை நம்பாதீர்கள். அந்தக் கட்டளை அட்டையிடம் நேரடியாகப் போய்க் கேட்பதால், உறங்கிக்கொண்டிருக்கும் அட்டையும் விழித்துக்கொண்டுதான் பதில் சொல்லும். எத்தனை முறை பார்த்தாலும் விழித்திருப்பதாகவே தோன்றும்.

அட்டையைத் தொந்தரவு செய்யாமல் நிலையை அறிய, ‘சிஸ்’ அடைவில் பிசிஐ சாதனங்களுக்குக் கீழே, 0000:01:00.0 என்ற முகவரியுடைய சாதனத்தின் ‘பவர்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘ரன்டைம்-ஸ்டேட்டஸ்’ கோப்பைப் படியுங்கள். (உங்கள் அட்டையின் முகவரி வேறாக இருக்கலாம், எல்எஸ்-பிசிஐ காட்டும் எண்ணைப் பயன்படுத்துங்கள்.) அதில் ‘சஸ்பெண்டட்’ என்று இருந்தால் அட்டை உறங்குகிறது, ‘ஆக்டிவ்’ என்று இருந்தால் விழித்திருக்கிறது. ஒரு முனையத்தில் ‘வாட்ச்’ கட்டளையால் இந்தக் கோப்பைத் தொடர்ந்து படிக்கவிட்டு, பக்கத்து முனையத்தில் என்விடியா-எஸ்எம்ஐயை ஒரே ஒரு முறை இயக்குங்கள். ‘சஸ்பெண்டட்’ என்பது ‘ஆக்டிவ்’ ஆக மாறி, சில விநாடிகள் கழித்துத் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பினால், உங்கள் அமைப்பில் திருத்துவதற்கு எதுவும் இல்லை.

திரும்பாவிட்டால், ‘புராக்’ அடைவில் இயக்கியின் பகுதிக்குள் இதே முகவரியின் கீழுள்ள ‘பவர்’ கோப்பைத் திறங்கள். ரன்டைம் டி3 என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியம். உங்கள் ஜிடிஎக்ஸ் 1650 ட்யூரிங் தலைமுறையைச் சேர்ந்தது. அட்டையின் மின்சாரத்தை முற்றிலும் துண்டிக்கும் இந்த வசதி ட்யூரிங்கிலிருந்துதான் தொடங்குகிறது. அதோடு, இன்டெல் பக்கத்தில் காஃபி லேக் அல்லது அதற்குப் பிந்தைய தளமும், கெர்னல் 4.18 அல்லது அதற்கு மேலும் வேண்டும். உங்கள் 9300எச் காஃபி லேக் குடும்பத்தைச் சேர்ந்தது, உபுண்டு 24.04 கெர்னல் 6.8-உடன் வெளிவந்தது. ஆகவே வாசலைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் ட்யூரிங்குக்கு அடுத்த ஆம்பியர் தலைமுறை மடிக்கணினிகளில் இது இயல்பாகவே செயலில் இருக்கும். ட்யூரிங்கில் நாம்தான் இயக்கிவிட வேண்டும். ‘பிரைம்-செலக்ட்’ சில அட்டைகளுக்கு இந்த அமைப்பைத் தானே எழுதி வைக்கும். ஈடிசி அடைவின் ‘மோட்புரோப்’ கோப்புறையில் அப்படி எழுதப்பட்ட கோப்பு இல்லையென்றால், என்விடியா மாட்யூலுக்கான ‘டைனமிக் பவர் மேனேஜ்மென்ட்’ விருப்பத்துக்கு 2 என்ற மதிப்பைக் கொடுத்து நீங்களே ஒரு கோப்பு எழுதி, கணினி தொடங்கும்போது ஏற்றப்படும் ‘இனிட்-ராம்-எஃப்எஸ்’ படிமத்தைப் புதுப்பித்து, மறுதொடக்கம் செய்யுங்கள். மதிப்பு 1 என்றால், எந்த நிரலும் அட்டையைத் தொடாமல் இருந்தால் மட்டுமே அது உறங்கும். மதிப்பு 2 என்றால், எக்ஸ்ஆர்க் சில எம்பி நினைவகத்தைப் பிடித்து வைத்திருந்தாலும், வேலை எதுவும் நடக்காத இடைவெளியில் அட்டை உறங்கிவிடும். நீங்கள் கண்டு கவலைப்பட்ட அந்தச் சில எம்பி பெரிய தடையல்ல.

இந்த அமைப்புக்குப் பிறகும் ‘ஆக்டிவ்’ என்றே நின்றால், அந்த முகவரியிலேயே 01:00.1 என்ற எண்ணில் இருக்கும் ஒலிச் சாதனத்தைப் பாருங்கள். எச்டிஎம்ஐ வழியே ஒலி அனுப்புவதற்காக அட்டைக்குள் இருக்கும் பகுதி அது. அதன் ‘பவர்’ கோப்புறையில் உள்ள ‘கன்ட்ரோல்’ கோப்பில் ‘ஆட்டோ’ என்று இருக்க வேண்டும். ‘ஆன்’ என்று இருந்தால் வரைகலைப் பகுதி உறங்கத் தயாராக இருந்தாலும் முழு அட்டையின் மின்சாரம் துண்டிக்கப்படாது. மேல்பட்டையில் அட்டையின் வெப்பநிலையைக் காட்டும் க்னோம் நீட்சி ஏதேனும் வைத்திருக்கிறீர்களா? என் அனுபவத்தில் பாதிப் பேருடைய பேட்டரியைத் தின்பது அந்த அழகுப்பொருள்தான். சில விநாடிகளுக்கு ஒரு முறை அது அட்டையைத் தட்டி எழுப்பி வெப்பநிலை கேட்கிறது. எழுந்த அட்டை சூடாகிறது. அந்தச் சூட்டை அது அக்கறையோடு அறிவிக்கிறது.

கடைசியாக ஒன்று. என்விடியா 2022 மே மாதம் 515 வரிசையோடு தன் கெர்னல் மாட்யூலின் திறந்த மூலப் பதிப்பை வெளியிட்டது. ட்யூரிங்கும் அதற்குப் பிந்தையவையும் அதில் ஓடும் என்பதால் உபுண்டு உங்களுக்கு இரண்டு பதிப்புகளையும் காட்டும். கொள்கை அளவில் திறந்த பதிப்பே எனக்கு உவப்பானது. ஆயினும் ட்யூரிங் அட்டையில் பேட்டரி உங்களுக்கு முக்கியம் என்றால் இப்போதைக்குப் பழைய மூடிய பதிப்பில் இருங்கள். உறக்கத்தில் அதுவே நம்பகமாக நடந்துகொள்கிறது.


மணற்கேணி எழுதியது:

இந்த இழையைத் தேடி வருபவர்களில் ஏஎம்டி வைத்திருப்பவர்களும் இருப்பார்கள் என்பதால் சுருக்கமாக ஒரு குறிப்பு. இரண்டும் ஏஎம்டி என்றால் மேலே சொன்ன சாவி, பொதி, மாட்யூல் விருப்பம் எதுவும் தேவையில்லை. ‘ஏஎம்டி-ஜிபியு’ இயக்கி கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. உபுண்டுவின் கையொப்பத்தோடேயே வருகிறது. ‘டிஆர்ஐ-பிரைம்’ என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்து நிரலைத் தொடங்கினால் அது தனி அட்டைக்குப் போகும். நிரலை மூடியதும் அட்டை தானே உறங்கும்.

நூவோ இயக்கியில் ஓடும் பழைய என்விடியா அட்டைகளுக்கும் அதே மாறி பொருந்தும். ஃபெர்மி தலைமுறைக்கான 390 வரிசையின் ஆதரவை என்விடியா 2022-லேயே நிறுத்திவிட்டதால், அத்தகைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்று நூவோதான் வழி. 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசை முதல், கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் அட்டையின் கடிகார வேகத்தை உயர்த்த நூவோவால் முடியாமல் போனது. ஆகவே அந்த வரிசையிலும் அதை அடுத்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலும் நூவோவை வைத்துக்கொண்டு பிளெண்டர் வேலை செய்ய நினைக்க வேண்டாம்.


நெய்தல்நிலம் எழுதியது:

டைனமிக் பவர் மேனேஜ்மென்ட் விருப்பத்தை எழுதி மறுதொடக்கம் செய்த பிறகு, ‘ரன்டைம்-ஸ்டேட்டஸ்’ கோப்பில் ‘சஸ்பெண்டட்’ என்று வருகிறது. ஆழித்தேர் அவர்கள் சொன்னபடியே, மேல்பட்டையில் ஒரு வெப்பமானி நீட்சி இருந்தது. அதை நீக்கும்வரை நிலை மாறிக்கொண்டே இருந்தது. பிளெண்டரின் டெஸ்க்டாப் கோப்பையும் திருத்திவிட்டேன். சாளரம் இப்போது தயங்குவதில்லை.

ஒன்றே ஒன்று மீதம். எச்டிஎம்ஐயில் வெளித்திரையை இணைத்தால் அட்டை மறுபடியும் ‘ஆக்டிவ்’ ஆகிவிடுகிறது. அந்தத் திரையில் சாளரங்களை நகர்த்தும்போது மடித்திரையில் இருக்கும் வழவழப்பும் இல்லை. இதற்கும் ஏதேனும் செய்ய முடியுமா?


முனையம் எழுதியது:

அட்டை விழித்திருப்பதைத் தவிர்க்க முடியாது. அந்தத் துளை என்விடியாவோடு இணைந்திருப்பதால், திரைக்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்கும்வரை அது உறங்காது. வெளித்திரையில் வேலை செய்யும்போது நீங்கள் பெரும்பாலும் மின்னிணைப்பில்தான் இருப்பீர்கள் என்பதால் அது பெரிய இழப்பாக இராது.

தயக்கத்துக்குக் காரணம் பாதை தலைகீழாவதே. மேசைத்தளத்தை இன்டெல் வரைகிறது. ஒவ்வொரு சட்டகமும் பிசிஐ வழியாக என்விடியாவுக்கு நகலெடுக்கப்பட்டு, அங்கிருந்து எச்டிஎம்ஐக்குப் போகிறது. 60 ஹெர்ட்ஸ் முழு எச்டி திரையில் இது பெரும்பாலும் தெரியாது; 4கே திரையிலோ 144 ஹெர்ட்ஸ் திரையிலோ கண்ணில் படும். அலுவல் மேசையிலேயே வெளித்திரையோடு நாள் முழுவதும் இருப்பீர்கள் என்றால், ‘சுடோ பிரைம்-செலக்ட் என்விடியா’ என்று மாற்றி மறுதொடக்கம் செய்துவிட்டால், எக்ஸ்ஆர்க் அமர்வில் மேசைத்தளம் முழுவதும் என்விடியாவில் வரையப்படும். வெளித்திரைக்கு நகலெடுப்பே இராது. எக்ஸ்ஆர்க்குக்குப் பதிலாக வந்த வேலேண்ட் அமர்வில் இருந்தால், க்னோமின் சாளர மேலாளரான ‘மட்டர்’ எந்த அட்டையை முதன்மையாக எடுக்க வேண்டும் என்று ஒரு யுடெவ் (சாதன நிர்வாக) விதியால் குறியிட்டும் இதே பலனைப் பெறலாம். இரண்டிலும் மடித்திரைக்கான சட்டகங்கள் மட்டும் இன்டெல்லுக்கு நகலெடுக்கப்படும்.

பேட்டரியில் எடுத்துச் செல்லும் நாளில் மறக்காமல் ‘ஆன்-டிமாண்ட்’ நிலைக்குத் திருப்பிவிடுங்கள். ‘இன்டெல்’ என்ற மூன்றாவது நிலை உங்களுக்குத் தேவைப்படாது. அதைத் தேர்ந்தெடுத்தால் பிளெண்டருக்குக் குடாவும் கிடைக்காது, எச்டிஎம்ஐ துளையும் மறுபடி இருண்டுவிடும்.

உங்கள் வெளித்திரையின் தெளிவுத்திறனும் ஹெர்ட்ஸ் அளவும் எவ்வளவு, அமைப்புகளில் ‘கணினி பற்றி’ பகுதி எக்ஸ்11 என்று காட்டுகிறதா வேலேண்ட் என்று காட்டுகிறதா என்று எழுதினால், இரண்டு வழிகளில் எது உங்களுக்கு ஏற்றது என்று சொல்லலாம்.